எபொக்சியா, பொலியெஸ்டரா: திருகோணமலைக் கரையில் எதற்கு எது

எபொக்சி என்பது இரண்டு பகுதிகளைக் கலந்து இறுக வைக்கும் பசை, பூச்சாகவும் போடலாம். திருகோணமலையில் அதைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. பைபர் வள்ளம் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம். வீட்டுத் தரை, தண்ணீர்த் தாங்கி, வெடித்த பீம் என்று வீட்டு வேலைக்காகக் கேட்பவர்கள் இன்னொரு பக்கம். இருவருக்கும் ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "எபொக்சி நல்லது, ஆனா விலை." பதில் பிழையில்லை, ஆனால் அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. சில இடங்களில் எபொக்சிக்குக் கொடுக்கும் காசு முழுவதும் திரும்பி வரும். சில இடங்களில் அதே எபொக்சி ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அந்த இடத்தில் அதைப் போட்டிருக்கவே கூடாது. வள்ளத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். அங்கேதான் காசும் உயிரும் சேர்ந்து இருக்கின்றன.

இரண்டும் இறுகும் விதம்

திருக்கடலூர், உப்புவெளி, மூதூர் என்று எந்தக் கரைக்குப் போனாலும் நிற்கும் பைபர் வள்ளங்கள் ஏறக்குறைய எல்லாமே பொலியெஸ்டர் ரெசினில், அதாவது ஊற்றியபின் இறுகும் ஒரு பிசினில், செய்தவை. கண்ணாடி நார்களைப் பாய்போலச் சேர்த்த மெட்டை அச்சில் விரித்து, ரெசினை ஊற்றி, ரோலரால் உருட்டிக் காற்றை வெளியேற்றிக் கட்டுகிறார்கள். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை ரெசினில் உள்ள ஸ்டைரீன். அதில் எம்.ஈ.கே.பி. என்ற பெரொக்சைட்டை நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற கணக்கில் விடுகிறோம். அது தூண்டிவிடுவதோடு சரி, இறுகும் வேலையை ரெசினே பார்த்துக்கொள்ளும். வெயில் கொளுத்தும் நாளில் கொஞ்சம் குறைக்கலாம், மப்பான நாளில் கொஞ்சம் கூட்டலாம். நம் வேலையாட்களின் கை இந்தப் பழக்கத்தில் ஊறியது.

எபொக்சியில் அந்தக் கைப்பழக்கம் செல்லாது. ரெசினோடு கலக்கும் அதன் இரண்டாவது பகுதியான ஹாட்னர் தூண்டுகோல் அல்ல, இறுகிய பொருளிலேயே ஒரு பங்கு. ரெசினும் ஹாட்னரும் ஒன்றோடொன்று கணக்காகச் சேர்ந்தால்தான் முழுப் பலம் வரும். டின்னில் 2க்கு 1 என்று போட்டிருந்தால் 2க்கு 1தான். 5க்கு 1 என்றால் 5க்கு 1தான். அந்தக் கணக்கு நிறையிலா கனவளவிலா என்பதையும் வாசிக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக வராது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹாட்னரைக் கூட்டி விட்டால், சேர ஆளில்லாமல் மிஞ்சிய ஹாட்னர் உள்ளேயே கிடந்து, பூச்சு மெத்தென்று ஆகிவிடும். பிறகு எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் பயன் இல்லை, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். "எபொக்சி போட்டோம், பிடிக்கவில்லை" என்று கரையில் கேட்கும் கதைகளில் நிறைய இங்கேதான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். வேகம் வேண்டுமானால் வேகமான ஹாட்னர், நேரம் வேண்டுமானால் மெதுவான ஹாட்னர் என்று தனித்தனியாக விற்கிறார்கள். நம் ஊர் வெக்கைக்கு மெதுவானதையே கேட்டு வாங்குங்கள்.

வள்ளத்தில்

புதிதாக வள்ளம் கட்டுவதானால் பொலியெஸ்டர்தான். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. எபொக்சி குறைந்தது இரண்டு மடங்கு விலை, பல நேரம் அதற்கும் மேல். ஒரு முழு வள்ளத்துக்கு அந்த வித்தியாசம் தாங்காது. ஒரு படை ஈரமாக இருக்கும்போதே அடுத்த படையைப் போடுவதால் பொலியெஸ்டர் படைகள் ஒன்றோடொன்று நன்றாகவே கலந்து பிடித்துவிடுகின்றன.

பழுதுபார்க்கும்போதுதான் கதை மாறுகிறது. பழைய வள்ளத்தின் பொலியெஸ்டர் எப்போதோ இறுகி முடிந்தது. புதிதாகப் பூசும் பொலியெஸ்டர் அதனோடு இரசாயன ரீதியாகச் சேர்வது மிகக் குறைவு. கிரைண்டர் போட்ட சொரசொரப்பில் பற்றிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அதோடு பொலியெஸ்டர் இறுகும்போது கனவளவில் 5 முதல் 8 வீதம் வரை சுருங்கும். ஒட்டு ஏற்கெனவே பலவீனம், அதன் மேல் சுருக்கமும் இழுக்கிறது. அலையில் அடிபட்டு வளைந்து நிமிரும் இடமாக இருந்தால் போட்ட ஒட்டு ஓரத்தில் வாய் பிளக்கும், உப்புத் தண்ணீர் உள்ளே போகும். எபொக்சி இதைவிட மிகக் குறைவாகவே சுருங்கும். பழைய பைபரிலும் மரத்திலும் இரும்பிலும் அது தானாகவே கெட்டியாகப் பிடிக்கும் பசை.

எனவே நீர்மட்டத்துக்குக் கீழே வெடிப்பு, கல்லிலோ பவளப்பாறையிலோ இடித்து விழுந்த ஓட்டை என்றால் எபொக்சிக்கே என் வாக்கு. நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஆள் ஏற்றும் வள்ளங்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். 2004 சுனாமிக்குப் பிறகு உதவியாக வந்த வள்ளங்களில் அவசரத்தில் மெல்லிசாகக் கட்டப்பட்டவையும் இருந்தன. அப்படியான உடம்பில் ஒட்டுப்போடும்போது ஒட்டின் பிடிதான் எல்லாம்.

விலை வித்தியாசத்தைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள மெட் ஒரு சதுர மீற்றரை நனைக்க ஏறக்குறைய ஒரு கிலோ பொலியெஸ்டர் குடிக்கும். அதே நிறையில் நெய்த கண்ணாடித் துணியை எபொக்சியால் நனைக்க ஏறக்குறைய அரைக் கிலோ போதும். ஒரு முழம், இரண்டு முழம் அளவான ஒட்டுக்கு இறுதிச் செலவில் வித்தியாசம் நினைத்த அளவுக்கு வராது. மறுபடி வள்ளத்தைக் கரையேற்றி, வேலையாளைக் கூப்பிட்டு, தொழிலுக்குப் போகாமல் இருக்கும் நாட்களின் காசு ரெசின் விலையை எளிதில் தாண்டிவிடும்.

துணி என்று சொன்னதைக் கவனியுங்கள், மெட் அல்ல. சாதாரண மெட்டில் நார்களைச் சேர்த்து வைத்திருக்கும் பசைத்தூள் ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது. எபொக்சியில் ஸ்டைரீன் கிடையாது. ஆகவே மெட் இளகாமல் விறைத்தே நிற்கும், மூலையில் படியாது, உள்ளே வெள்ளை வெள்ளையாகக் காற்று தங்கும். எபொக்சி வாங்கினால் நெய்த துணியோ தைத்த துணியோ வாங்குங்கள். வீட்டில் மிச்சம் கிடக்கும் மெட்டைப் போட்டு எபொக்சியை வீணாக்க வேண்டாம்.

வெடிப்பின் மேலேயே ஒரு துண்டை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பல பேர் நினைக்கிறார்கள். எந்த ரெசினாக இருந்தாலும் அது பிழை. ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்து இறக்க வேண்டும். பைபரின் தடிப்பு எவ்வளவோ அதைப் போல 12 மடங்கு நீளத்துக்குச் சாய்வு என்பது படகுத் தொழிலில் ஏற்றுக்கொண்ட அளவு. உடம்பு 6 மிலிமீற்றர் தடிப்பு என்றால் வெடிப்பின் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர். தேய்ப்பதற்கு முன் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, சில நாள் நிழலில் காயவிட வேண்டும். இந்த ஆயத்த வேலையில் கை சுருக்கினால் எபொக்சியின் விலை முழுவதும் கடலுக்குப் போனதுதான்.

எஞ்சின் பூட்டும் பின்பலகையில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெளியே பைபர், உள்ளே பிளைவுட் என்ற அமைப்பு அது. எஞ்சின் போல்ட் ஓட்டை வழியாக நீர் கசிந்து, உள்ளிருக்கும் பலகை ஊறி உக்கும். எஞ்சினை முறுக்கும்போது பின்பலகை முன்னும் பின்னும் ஆடினால், உள்ளே பலகை போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். மரத்தில் பொலியெஸ்டரின் பிடி மோசம். கொஞ்சம் ஈரம் சேர்ந்தாலே தோல் உரிவதுபோல உரிந்து வரும். எபொக்சி மரத்தின் நாருக்குள் ஊறிப் பிடிக்கும். உக்கியதை வெட்டி எடுத்து, காயவிட்டு, மரைன் பிளைவுட்டின் நாலு ஓரத்துக்கும் எபொக்சி குடிக்கக் கொடுத்து, பிறகு கெட்டியாக்கிய எபொக்சியால் ஒட்ட வேண்டும். போல்ட் ஓட்டைகளைத் தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, எபொக்சியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்துவிட்டால் நீர் மரத்தைத் தொடவே வழியில்லை. இந்த ஒரு வேலைக்காகவே எபொக்சி வாங்கலாம்.

மணலில் இழுத்து இழுத்துத் தேயும் அடிமுதுகுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். மணல் எபொக்சியையும் தேய்க்கும், பொலியெஸ்டரையும் தேய்க்கும். அது தேய்வதற்கென்றே போடும் படை. பொலியெஸ்டரில் அவ்வப்போது போட்டுக்கொண்டால் போதும். அடிபட்டு உடம்பே வெடித்திருந்தால் மட்டும் எபொக்சி. நீர்மட்டத்துக்கு மேலே கீறல், விளிம்பு உடைவு போன்றவற்றுக்கும் பொலியெஸ்டர் போதும். இரண்டுக்கும் நடுவே வினைல்எஸ்டர் என்று ஒன்று உண்டு. பொலியெஸ்டரைவிட நன்றாகப் பிடிக்கும், நீரை நன்றாகத் தாங்கும், எம்.ஈ.கே.பி.யிலேயே இறுகும். கிடைத்தால் நல்லது.

எபொக்சிக்குப் போனால் அந்த இடத்தில் பொலியெஸ்டருக்குத் திரும்புவது கடினம். இறுகிய எபொக்சியின் மேல் பொலியெஸ்டரும், வள்ளத்தின் மினுக்கமான வெளிப்பூச்சான ஜெல்கோட்டும் ஒழுங்காகப் பிடிக்காது. கடைசிப் பூச்சாக இரண்டு பகுதிப் பொலியூரித்தேன் பெயின்ட் அடிப்பதே வழி. பெயின்ட் அடிக்காமல் விடவும் கூடாது: வெயில் பட்டால் எபொக்சி மஞ்சளாகி, பிறகு மாப்போல் உதிரத் தொடங்கும். நிறம் வெள்ளையாக இருப்பது நல்லது. சாதாரணமாக இறுகும் பல எபொக்சிகள் 50, 60 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். கறுப்பு, கடும் நீலப் பூச்சு நம் மதிய வெயிலில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும்.

எப்போது செய்வது

நம் கரையின் சங்கடம் இதுதான்: வள்ளம் சும்மா நிற்கும் காலம் வாடைக்காற்று பெயரும் காலம். ஐப்பசி முதல் தை வரை கடல் குழம்பிக் கிடக்கும், ஆளுக்கு வேலை இல்லை, வள்ளம் கரையில். ரெசின் வேலைக்கு ஆகக் கூடாத காலமும் அதுவே. ஈரக்காற்றில் எபொக்சியின் மேல் மெழுகுபோல வழுவழுப்பான ஒரு படலம் வரும். கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். அதன் மேல் அடுத்த படையைப் போட்டால் படை படையாக உரியும். சான்ட்பேப்பர் போட்டுத் தேய்த்தால் போகாது, படலம் பரவத்தான் செய்யும். முதலில் நல்ல தண்ணீரும் சொரசொரப்பான பஞ்சும் கொண்டு கழுவித் துடைத்து, அப்புறம்தான் சான்ட்பேப்பர். பொலியெஸ்டருக்கும் மழை ஆகாது. ஈரம் பட்டால் அது சரியாக இறுகாது. வாடையில் செய்தே ஆகவேண்டும் என்றால் கிடுகோ தகரமோ போட்ட கொட்டில் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பிரச்சினை எதிர்ப்பக்கம். வெப்பம் 10 பாகை கூடினால் எபொக்சி கையில் நிற்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். டின்னில் 25 பாகைக்கு 20 நிமிடம் என்று போட்டிருந்தால், 35 பாகை நாளில் 10 நிமிடம்தான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கலந்ததைக் கோப்பையில் குவித்து வைத்தால் தன் சூட்டில் தானே கொதித்துப் புகையும். கலந்த உடனே அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும். மரத்தின் மேல் காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாக வெளியே வரும். பின்நேரம் மூன்று, நான்கு மணிக்கு, சூடு இறங்கத் தொடங்கும்போது, நிழலில் பூசுவது நல்லது. இரவுப் பனி விழாமல் மேலே மூடாக்கு வேண்டும்.

பலகையால் கட்டிய பழைய வள்ளம் யாரிடமாவது இருந்தால், அதற்கு மேல் எபொக்சியும் துணியும் போர்த்திவிடலாமா என்று கேட்பார்கள். பலகைகள் ஊறி விரிந்தும் காய்ந்து சுருங்கியும் அசைந்துகொண்டே இருக்கும் உடம்பு அது. பஞ்சும் குங்கிலியமும் அந்த அசைவுக்கு இடம் கொடுக்கின்றன. இறுகிய ரெசின் கொடுக்காது. எங்கோ ஓரிடத்தில் வெடித்து, உள்ளே போன நீர் வெளியேற வழியில்லாமல் மரம் உக்கும். அந்த வள்ளங்களைப் பழைய முறையிலேயே பார்த்துக்கொள்வதே நல்லது.

வீட்டில்

தண்ணீர்த் தாங்கியில் தொடங்குகிறேன், அதில்தான் காசு அதிகம் வீணாகிறது. கூரையில் நிற்கும் பிளாஸ்டிக் தாங்கி பொலிஎதிலீன். எபொக்சி எதில் ஒட்டாது என்று கேட்டால் முதலில் வரும் பெயர்களில் அதுவும் ஒன்று, பொலிபுரொப்பிலீனும் அப்படித்தான். என்ன விலை எபொக்சிப் புட்டி வாங்கி அப்பினாலும், தாங்கி நிரம்பிப் புடைக்கும்போது ஓடு கழன்று விழுவதுபோல விழும். சூடாக்கி உருக்கி ஒட்டும் பிளாஸ்டிக் வெல்டிங் செய்பவரைப் பிடியுங்கள், இல்லையென்றால் தாங்கியை மாற்றுங்கள். கொங்கிறீட் தொட்டியானால் சீமெந்தோடு கலந்து பூசும் நீர்த்தடைப் பூச்சு ஈரச் சுவரிலும் பிடிக்கும், விலையும் குறைவு. குடிநீர்த் தொட்டிக்கு எபொக்சிதான் வேண்டுமென்றால் குடிநீருக்கு ஏற்றது என்று சான்று பெற்ற வகையை மட்டும் வாங்க வேண்டும். வள்ளத்துக்கு வாங்கிய மிச்சத்தைத் தொட்டியில் பூச வேண்டாம்.

கண்ணாடிபோல் மின்னும் எபொக்சித் தரையை உப்புவெளிப் பக்கம் விடுதிக்காரர்கள் விரும்புகிறார்கள். கடற்கரையோர வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடத்தில் ஈரம் கொங்கிறீட் வழியாக ஏறி, பூச்சைக் கீழிருந்து தள்ளும். கொப்புளம் கொப்புளமாக எழும்பும். காலோடு வரும் மணல் மினுக்கத்தைக் கீறும். கதவு வழியாக வெயில் விழும் பகுதி மட்டும் மஞ்சளாகும். ஓடு பதித்தாலோ சீமெந்தை நன்றாக இழைத்தாலோ அதைவிட நீண்ட காலம் நிம்மதி. இருந்தும் ஆசை என்றால், அரை மீற்றர் சதுரமான பொலித்தீன் துண்டைத் தரையில் வைத்து நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ எபொக்சியை மறந்துவிடலாம். புதுக் கொங்கிறீட் என்றால் 28 நாளுக்கு முன் தொடவே வேண்டாம். வாகனம் திருத்தும் இடம், மீன் பொதி செய்யும் அறை, மருந்தகம் போல எண்ணெயும் அழுக்கும் இடுக்கில் தங்கக் கூடாத இடங்களுக்கு, அடியில் ஈரம் இல்லையென்றால், இடையில் இணைப்பு இல்லாத எபொக்சித் தரை மிக நல்லது.

கடலோர வீடுகளின் பீமும் தூணும் வெடிப்பது பெரும்பாலும் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்குவதால். உப்புதான் அதன் வேர். வெடிப்புக்குள் எபொக்சியை ஊசிபோட்டு ஏற்றினால் வெளியே அழகாகத் தெரியும், உள்ளே துரு தன் வேலையை நடத்திக்கொண்டே இருக்கும். கொங்கிறீட்டைக் கொத்திக் கம்பியைத் திறந்து, துருவை நீக்கி, காப்புப் பூசி, திருத்தச் சாந்து போட வேண்டும். பொறியியலாளர் ஒருவர் பார்த்தபின் செய்ய வேண்டிய வேலை இது. அசைவில்லாத, துருவில்லாத வெடிப்புக்கே எபொக்சி ஊசி. கொங்கிறீட்டில் போல்ட் நட, கேற்றுக் கம்பம் பொருத்த எபொக்சி அருமையான பிடி தரும். துளைக்குள் இருக்கும் தூசியை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி எடுத்தால் மட்டும்.

உடைந்த பிடி, கழன்ற கல், பீங்கான் போன்ற சிறு வேலைக்கு இரண்டு டியூபாக வரும் அரால்டைட் போன்ற எபொக்சிப் பசை போதும். அரால்டைட் என்ற பெயர் 1946இல் சுவிற்சர்லாந்தில் சந்தைக்கு வந்தது. பற்கட்டுகளுக்காக எபொக்சியை ஆராய்ந்த சுவிஸ் இரசாயனவியலாளர் பியேர் காஸ்டானின் வேலையிலிருந்து பிறந்தது. ஐந்து நிமிட வகையைவிட மெதுவாக இறுகும் வகைக்கே நீரும் சூடும் தாங்கும் பலம் கூடுதல். காத்திருக்க முடியுமென்றால் அதை வாங்குங்கள். சுப்பர் குளூ ஒட்டிய இடம் இறுக்கமாகப் பொருந்தினால்தான் நிற்கும், இடைவெளியை நிரப்பாது. செருப்புக்கு இரண்டும் வேண்டாம், வளைந்து கொடுக்கும் ரப்பர் பசைதான்.

தோலும் கண்ணும்

எபொக்சிக்கு வாடை குறைவு என்பதால் அது சாது என்று எண்ணிவிடுகிறார்கள். இறுகாத எபொக்சி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை அது வந்துவிட்டால் பிறகு ஒரு துளி பட்டாலும், அரைகுறையாக இறுகியதைத் தேய்க்கும் தூசி பட்டாலும், தோல் சிவந்து கொப்பளிக்கும். அதோடு அந்தத் தொழிலையே விட்டவர்கள் இருக்கிறார்கள். கையில் ஒட்டியதைத் தின்னரால் கழுவுவது இன்னும் கெடுதி, தின்னர் அதைத் தோலுக்குள் கொண்டு போகும். சவர்க்காரமும் தண்ணீரும்தான் சரி. பொலியெஸ்டர் பக்கத்தில் பயப்பட வேண்டியது எம்.ஈ.கே.பி. கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே தண்ணீரால் கால் மணித்தியாலம் விடாமல் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பொலியெஸ்டர் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் தனிப் போத்தலில் வந்தால் அதையும் எம்.ஈ.கே.பி.யையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, தீப்பற்றி வெடிக்கும். கோபால்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை விட வேண்டும்.

கரையில் வேலை செய்யும் பொடியன்மாரில் பலர் வெறுங்கையோடுதான் நிற்கிறார்கள். வேலை கொடுக்கும் வள்ளக்காரர் ரெசின் வாங்கும்போதே நைட்ரைல் கையுறை ஒரு பெட்டியும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றும் சேர்த்து வாங்கிக் கொடுத்துவிடலாம். ரெசினுக்குப் போகும் செலவில் அது ஒரு சிறு துண்டுதான்.